நாய்க்கும் பெயர் எழுதிய மண்!

காரிமங்கலம் வாரச்சந்தையில் மாட்டுக்கு விலை பேசுபவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், இதே தகடூர் நாட்டில் மாட்டு மந்தையை மீட்கப் போய் உயிரை விட்டவர்களுக்குக் கல் நட்டு வைத்திருக்கிறார்கள் என்று?

தருமபுரி மாவட்டம் நடுகற்களுக்குப் பேர் போனது. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எதற்காக இறந்தான் என்று வட்டெழுத்தில் வெட்டி வைத்தார்கள். பக்கத்துச் செங்கம் வட்டாரத்தின் எடுத்தனூர் நடுகல்லில், மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில் இறந்த கருந்தேவக்கத்தியின் பெயர் இருக்கிறது. கள்வர் இருவரைக் கடித்த கோவிவன் என்ற நாயின் பெயரும் இருக்கிறது!

இன்று என்ன நிலை? அதியமானுக்குக் கோட்டமும் சிலையும் உண்டு. நல்லதுதான். ஆனால் அவன் இறந்தபோது அவனுக்கும் நட்டது ஒரு கல்தான் என்று புறநானூற்றில் ஔவையார் சொல்கிறார். மன்னனுக்கும் மாடு மீட்டவனுக்கும் ஒரே மாதிரி மரியாதை. சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில், பதவி வித்தியாசம் பாராமல் ஒரே மாதிரி கற்கள் நிற்பதைப் பார்த்து வியப்பவர்கள், சொந்த ஊர்க் கல்லைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

"எல்லாவற்றையும் அருங்காட்சியகத்தில் வைத்தால் பத்திரமாக இருக்குமே" என்பது படித்தவர்களின் வாதம். தருமபுரி அகழ்வைப்பகத்தில் இருக்கும் கற்கள் பிழைத்தன என்பது உண்மை. சாலைக்கும் வீட்டுமனைக்கும் நடுவே சிக்கிய கல்லுக்கு வேறு வழியும் இல்லை. அதற்காக எல்லாக் கல்லையும் பெயர்ப்பதா? ஊரை விட்டு வந்த கல் காட்சிப்பொருள் ஆகிவிடுகிறது. அருங்காட்சியகம் வருவதற்கு முன் இத்தனை நூற்றாண்டுகள் அவற்றைக் காத்தவர்கள் யார்? 'வேடியப்பன்' என்று கும்பிட்டுப் பொங்கல் வைத்த ஊர் மக்கள்தானே!

அவர்கள் பக்கமும் குறை உண்டு. எண்ணெயும் சுண்ணாம்பும் பெயின்ட்டும் பூசிப் பூசி எழுத்து மறைந்துபோகிறது. சாமி நிலைத்துவிட்டார், மனிதன் தொலைந்துவிட்டான்.

இதற்குக் கோடிக்கணக்கில் செலவு தேவையில்லை. கல் ஊரிலேயே இருக்கட்டும், பூசையும் நடக்கட்டும். எழுத்தின் மேல் மட்டும் பெயின்ட் வேண்டாம். பக்கத்தில் ஒரு பலகை வையுங்கள். இவன் யார், எந்தக் காலம், எதற்காக இறந்தான் என்று நான்கே வரி போதும். பல நடுகற்களின் வாசகங்களைத் தொல்லியல் துறை 1970-களிலேயே படித்துப் புத்தகமாகப் போட்டுவிட்டது. அதைக் கல்லுக்குப் பக்கத்தில் எழுதி வைக்கத்தான் இன்னும் ஆள் வரவில்லை.

ஒரு நாயின் பெயரைக்கூட மறக்காமல் வெட்டி வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள், தங்கள் ஊருக்காக இறந்தவனின் பெயர் தெரியாமல் அவன் முன்னால் கற்பூரம் ஏற்றுவது நியாயமா?