பூட்டில்லாமல் விற்கப்படும் கருவிகள்

கொல்கத்தாவை ஒட்டிய ஹவுராவின் சாந்த்ராகாச்சி ரயில் நிலையத்தில் சென்னை வண்டிக்குக் காத்திருப்போர் சிலரின் கையில் எக்ஸ்ரே உறை இருக்கும். வேலூர் சிஎம்சிக்கும் சென்னை மருத்துவமனைகளுக்கும் வங்கத்து நோயாளிகள் வருவது பல பத்தாண்டுப் பழக்கம். வேலூர் விடுதிகள் வங்க எழுத்தில் பெயர்ப்பலகை வைப்பது அதனால்தான். ஊர் திரும்பும்போது இவர்களில் சிலர் மார்புத் தோலுக்கடியில் பேஸ்மேக்கருடன் போகிறார்கள். சிலர் கையில் ஒட்டிய சர்க்கரை சென்சாருடன்.

கட்டிலருகே வைத்த சிறு பெட்டி, நோயாளி உறங்கும் நேரத்தில் பேஸ்மேக்கரின் பதிவுகளைக் கம்பியில்லாமல் வாங்கி மருத்துவருக்கு அனுப்பிவிடும். இந்த வசதியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அது 1,600 கிலோமீட்டர் பயணத்தை மிச்சமாக்குகிறது. துணைக்கு வரும் மகனின் ஒரு வாரக் கூலியையும்தான். ஆனால் அந்தக் காற்றுவழிக்குக் காவல் யார்?

கடந்த காலம் நம்பிக்கை தருவதாக இல்லை. 2011இல் ஜே ராட்கிளிஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர், தாம் அணிந்திருந்த இன்சுலின் பம்பையே வெளியிலிருந்து இயக்கிக் காட்டினார். பம்பின் வரிசை எண் தெரிந்தால் போதும் என்பதே அப்போதிருந்த பாதுகாப்பு. 2017இல் பாதுகாப்புக் குறையால் சுமார் 4,65,000 பேஸ்மேக்கர்களுக்கு மென்பொருளைத் திருத்த வேண்டியிருந்தது. 2019இல் மெட்ரானிக் நிறுவனத்தின் இதயக் கருவிகள் பயன்படுத்திய ஒரு ரேடியோ முறையில் குறியாக்கமே இல்லை என்பதும், கட்டளை அனுப்புவது யார் என்று கருவி கேட்பதே இல்லை என்பதும் வெளிவந்தன. இவற்றால் நோயாளி எவரும் பாதிக்கப்பட்டதாக உறுதியான தகவல் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். விபத்து நடக்கவில்லை என்பதற்காகப் பிரேக் இல்லாத பேருந்துக்கு யாரும் தகுதிச் சான்று தருவதில்லை.

குறியாக்கம் பேட்டரியைத் தின்றுவிடும் என்பது உற்பத்தியாளர்களின் பழைய பதில். பல ஆண்டுகள் உடலுக்குள் இருக்க வேண்டிய கருவிக்கு அது ஒருகாலத்தில் நியாயமான கவலைதான். இன்று அதைச் சொல்ல முடியாது. இத்தகைய சிறு கருவிகளுக்கென்றே அஸ்கான் என்ற எளிய குறியாக்க முறையை அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் 2023இல் தேர்ந்தெடுத்துவிட்டது. செய்ய வேண்டியவை தெரிந்தவைதான்: தரவு குறியாக்கம் செய்யப்பட வேண்டும், கருவியும் பெட்டியும் ஒன்றையொன்று சரிபார்க்க வேண்டும், நேற்றுப் பதிவு செய்த கட்டளையை இன்று திருப்பி ஒலிபரப்பினால் கருவி அதை ஏற்கக் கூடாது.

காற்றுவழியைக் காத்தாலும் போய்ச் சேரும் இடம் திறந்துகிடந்தால் பயனில்லை. 2022 நவம்பர் 23 அன்று இணையத் தாக்குதலில் டெல்லி எய்ம்ஸ் முடங்கியது. ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. நாட்டின் முதன்மை மருத்துவமனை, நாள்கணக்கில் கையால் சீட்டு எழுதியது. வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

சட்டம் என்ன சொல்கிறது? 2023 முதல் அமெரிக்காவில், குறை கண்டால் திருத்தும் திட்டமும் உள்ளிருக்கும் மென்பொருள்களின் பட்டியலும் தராத, இணையத்தில் இணையக்கூடிய புதிய கருவிக்கு விற்பனை அனுமதி கிடையாது. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. ஆனால் அபராதம் தரவு கசிந்த பிறகு வருவது. பூட்டில்லாத கருவியை வாசலிலேயே நிறுத்தும் கண்டிப்பு அமெரிக்கச் சட்டத்தில் உள்ள தெளிவோடு இங்கே எழுதப்படவில்லை.

பூட்டில்லாத கருவியை இன்று விற்பது கவனக்குறைவு அல்ல, குற்றம் என்பதே நம் கருத்து. அதை அனுமதிக்கும் அமைப்புக்கும், விலை குறைவு என்று வாங்கும் மருத்துவமனைக்கும் அதில் பங்கு உண்டு. நோயாளியை எச்சரிக்கையாக இருக்கச் சொல்வது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. தன் மார்புக்குள் இருப்பதை அவர் எப்படிக் காவல் காப்பார்?

மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு உரிமத்திலேயே இந்தப் பூட்டை நிபந்தனையாக்க வேண்டும். மருத்துவமனைகள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த டெண்டரில் இந்த நிபந்தனைகளைச் சேர்க்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.