பயிற்சி முகாமுக்கு முன்னால் பேச வேண்டிய சம்பளக் கணக்கு

கால்பந்தாட்டத்தில் கோல் போட்டவர் யார் என்று பார்க்கிறோம். அவருக்கு மாதச் சம்பளம் கொடுப்பவர் யார், எத்தனை மாதத்துக்குக் கொடுப்பதாக எழுதியிருக்கிறார்கள் என்று நாம் பார்ப்பதில்லை. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ந் தேதி பெங்களூர்வாசிகள் அதையும் பார்க்க வேண்டி வந்தது. அன்றைய தினம் பெங்களூரு எப்.சி. நிர்வாகம், தன் முதல் அணி ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. அணியின் பெருந்தூணான சுனில் சேத்ரிக்கு அதற்கு முந்தின நாள்தான் 41 வயது நிறைந்திருந்தது.

தோற்று ஓய்ந்த அணி அல்ல இது. அதே ஆண்டு ஏப்ரல் 12ந் தேதி கல்கத்தாவில் நடந்த இந்தியன் சூப்பர் லீக் இறுதி ஆட்டத்தில் மோகன் பகானை எதிர்த்து நின்று, கூடுதல் நேரத்தில் 2-1 என்ற கணக்கில்தான் விட்டுக்கொடுத்தது. அந்தப் பருவத்தில் சேத்ரி மட்டும் 14 கோல்கள் போட்டார். நாட்டிலேயே இரண்டாவதாக வந்த அணிக்கு நான்கு மாதத்துக்குள் சம்பளப் பட்டுவாடா இல்லை என்றால், பதின்மூன்றாவதாக வந்த அணியின் கதியைச் சொல்லவே வேண்டாம்.

நேர்ந்தது இதுதான். 2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம், போட்டி நடத்தும் உரிமையைப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒரு தனியார் கம்பெனிக் கூட்டுக்கு எழுதிக் கொடுத்தது. ஆண்டுக்கு ஏறக்குறைய 50 கோடி ரூபாய் சம்மேளனத்துக்கு வந்துகொண்டிருந்தது. அந்த ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8ந் தேதி முடிகிறது என்பது கையெழுத்துப் போட்ட நாளிலேயே எல்லாருக்கும் தெரியும். பதினைந்து ஆண்டு முன்னறிவிப்பு! குத்தகை முடியும் தேதி தெரிந்தும் கடைசி மாதம் வரை வீடு தேடாமல் இருந்த குடித்தனக்காரரைப் போல் இருந்துவிட்டது சம்மேளனம். நியாயமாகச் சொல்லப்போனால், அதன் கையும் கொஞ்சம் கட்டப்பட்டிருந்தது. சம்மேளனத்தின் சட்டதிட்டங்கள் பற்றிய வழக்கு சுப்ரீம் கோர்ட்டில் இருந்தது. தீர்ப்பு வரும் வரை புது ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டாம் என்று கோர்ட்டு சொல்லியிருந்தது. தீர்ப்பு செப்டம்பர் 19ந் தேதிதான் வந்தது. அதற்குள், ஜூலை 11ந் தேதியே, போட்டியை நிறுத்தி வைப்பதாக நடத்தும் கம்பெனி கிளப்புகளுக்குத் தெரிவித்துவிட்டது.

போட்டி இல்லை என்றால் டெலிவிஷன் பணம் இல்லை. டெலிவிஷன் இல்லை என்றால் சட்டையில் பெயர் போட விளம்பரதாரர் இல்லை. டிக்கெட் வசூலும் இல்லை. கிளப் முதலாளிகள் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். லாபம் பார்த்துக் கால்பந்து நடத்துகிறவர் இந்நாட்டில் அரிது. ஆனால் நஷ்டம் வரும்போது அதை முதலில் யார் தலையில் இறக்கி வைப்பது என்பதில்தான் நமக்கு மனஸ்தாபம். பெங்களூரில் சம்பளம் நின்றது. சென்னையின் எப்.சி. முதல் அணி வேலைகளையே நிறுத்தி வைத்தது. ஒடிசா கிளப்பு ஒப்பந்தங்களையே நிறுத்தி வைத்தது. மூன்று இடத்திலும் முதல் வெட்டு விழுந்தது உழைப்பவன் மீதுதான்.

இது நம் வாசகர்களுக்குப் புதிய கதை அல்ல. ஆர்டர் குறைந்தது என்று சொல்லிக் காண்டிராக்ட் ஆட்களை முதலில் கேட்டுக்கு வெளியே நிறுத்துவதைப் பீனியாவிலும் பார்த்திருக்கிறோம், ஒயிட்பீல்டிலும் பார்த்திருக்கிறோம்.

பெங்களூர்க் கால்பந்து இப்படியா இருந்தது? 1977-ல் முதன்முதலாக நடந்த பெடரேஷன் கோப்பையை ஜெயித்தது கல்கத்தாவின் பெரிய கிளப் எதுவும் அல்ல. நம் தூரவாணி நகரின் ஐ.டி.ஐ. இறுதி ஆட்டத்தில் மோகன் பகானை 1-0 என்று வீழ்த்தியது. அந்த அணியின் ஆட்டக்காரர் டெலிபோன் தொழிற்சாலையின் ஊழியர். ஆட்டம் இல்லாத நாளில் வேலை. கால் ஒடிந்தாலும் வேலை. வயதாகி ஆட்டத்தை விட்ட பிறகும் வேலை. எச்.ஏ.எல். அணியும் அப்படித்தான். 2012-ல் ஐ-லீகிலிருந்து கீழே இறங்கும் வரை, வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல், மற்ற கிளப்புகளின் கோடிகளுக்கு எதிரே அது ஆடிப் பார்த்தது. தோற்றதுதான் அதிகம். ஆனால் தோற்ற மறுநாள் ஆட்டக்காரரின் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆபீசு அணியில் திறமைக்குத் தக்க ஊதியம் இல்லை. குமாஸ்தா கிரேடில் சேர்ந்தவர், நாட்டுக்கு ஆடினாலும் குமாஸ்தாதான். கல்கத்தாவுக்குப் போனவர்களுக்குப் பணம் கிடைத்தது. ஆனால் அங்கே டோக்கன் முறை என்று ஒன்று இருந்தது. டோக்கன் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே ஆட்டக்காரர் சொந்தம். கிளப் மாறும் வாரத்தில் ஆட்டக்காரர்களை எங்கேயாவது ஒளித்து வைப்பார்களாம். கழுத்துக் கயிற்றைப் பிடித்து மாடு வாங்குவதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. எழுத்து மூலமான ஒப்பந்தம் வந்து அந்த அவலம் ஒழிந்தது நல்லதே. எழுத்தில் உள்ளபடி நடக்க வேண்டும் என்பதே நம் வாதம்.

எழுத்தில் என்ன இருக்கிறது? உலகக் கால்பந்து சம்மேளனமான பிபாவின் விதிப்படி, ஆட்டக்காரரின் ஒப்பந்தம் அதிகபட்சம் ஐந்து ஆண்டு. 18 வயது நிரம்பாதவருக்கு மூன்று ஆண்டு. ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே வேறு கிளப்புடன் பேசிக் கையெழுத்துப் போடலாம். வைத்தியப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று நிபந்தனை போடக்கூடாது. இரண்டு மாதச் சம்பளத்தை முறைகேடாக நிறுத்தினால், ஆட்டக்காரர் எழுத்து மூலம் நோட்டீசு கொடுத்து, குறைந்தது 15 நாள் அவகாசம் தந்து, பிறகும் பணம் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேறலாம். படிக்க இனிக்கும் விதி. ஆனால் வெளியேறி எங்கே போவது? நாட்டின் 14 கிளப்புகளும் ஒரே சமயத்தில் கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, வெளியேறும் உரிமை தெருவில் நிற்கும் உரிமைதான்.

சேத்ரிக்கோ, கோல்கீப்பர் குர்ப்ரீத் சிங் சந்துவுக்கோ இதனால் பட்டினி வந்துவிடாது. அவர்கள் வாய் திறந்து பேசினார்கள், அது அவர்களுக்குப் பெருமை. 2025 நவம்பரில், போட்டி நடத்தும் உரிமைக்கு விடப்பட்ட டெண்டருக்கு ஒருவர்கூட விலை கேட்காமல் போனபோது, ஆட விடுங்கள் என்று பொதுவில் கேட்டவர்களில் இவ்விருவரும் உண்டு. நம் கவலை பெயர்ப் பட்டியலின் கடைசி பத்துப் பேரைப் பற்றியது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் முதல் ஒப்பந்தம் போட்டுவிட்டு, மேல்படிப்பையோ கிடைக்கவிருந்த ஒரு வேலையையோ விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்களுடைய பெயர் பத்திரிகையில் வராது. சம்பளம் நின்றதும் வராது.

காரைக்குடிப் பக்கத்துக் கண்டனூரிலிருந்து வந்தவர் சிவசக்தி நாராயணன். இந்தக் கிளப்பின் இளையோர் வரிசையில் ஏறி வந்து, 2022 செப்டம்பர் 18ந் தேதி நடந்த டூராண்டு கோப்பை இறுதி ஆட்டத்தில் மும்பைக்கு எதிராக முதல் கோலைப் போட்டார். கோப்பை பெங்களூருக்கு வந்தது. அப்போது அவருக்கு 21 வயது. சிவசக்தியைப் போல் ஒருவர் மேலே வர, பின்னால் பத்துப் பேர் பொறுமையாகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பத்துப் பேரின் தகப்பனார், பையனை அடுத்த ஆண்டும் அனுப்புவாரா என்பது ஆகஸ்டு மாதச் சம்பளத்தைப் பொறுத்தது. அல்சூருக்குப் பக்கத்தில் கௌதமபுரத்தில் போய்க் கேட்டுப் பாருங்கள். பீலேவுக்குச் சிலை வைத்திருக்கும் தமிழர் குடியிருப்பு அது. அங்கே திறமைக்குப் பஞ்சமில்லை. நம்பிக்கைக்குத்தான் பஞ்சம் வரப் பார்க்கிறது.

இளையோர் அணிகளையும் பயிற்சிப் பள்ளிகளையும் இது பாதிக்காது என்று அந்த அறிவிப்பிலேயே கிளப் சொல்லியிருந்தது. நல்ல மனதோடு சொன்னதாகவே எடுத்துக்கொள்வோம். ஆனால் மாடிப்படியின் கீழ்ப்படியைப் பெருக்கி வைத்துவிட்டு மாடியை இடித்துவிட்டால், ஏறுகிறவன் எங்கே போய்ச் சேருவான்?

பிறகு ஒருவாறு ஆட்டம் நடந்தது. அக்டோபரில் கோவாவில் சூப்பர் கோப்பை தொடங்கி, டிசம்பர் 7ந் தேதி எப்.சி. கோவா ஜெயித்தது. மறுநாள் அந்தப் பழைய பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் காலாவதியானது. 2026 ஜனவரி 6ந் தேதி மத்திய விளையாட்டு மந்திரி மன்சுக் மாண்டவியா, 14 கிளப்புகளுடன் பிப்ரவரி 14ந் தேதி லீக் தொடங்கும் என்று அறிவித்தார். மொத்தம் 91 ஆட்டங்கள். அதாவது அணிக்கு 13 ஆட்டம். முந்தின பருவத்தில் அணிக்கு 24 ஆட்டம். பாதிதான்.

இங்கேதான் சிக்கலான கேள்வி எழுகிறது. முழுப் பருவத்துக்கு ஒப்பந்தம் போட்டவருக்குப் பாதி ஆட்டம் என்றால் பாதிச் சம்பளமா? சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லிக் கிளப்புகள் ஆட்டக்காரர்களைக் கேட்டன. வரும்படி குறைந்த ஆண்டில் இரு தரப்பும் விட்டுக்கொடுப்பதில் தப்பில்லை என்று சிலர் சொல்வார்கள். என் அபிப்பிராயம் வேறு. மெஷின் நின்றது தொழிலாளியால் அல்ல. நிர்வாகம் கச்சாப் பொருள் வாங்கத் தவறிய நாளுக்குக் கூலி வெட்டலாம் என்று ஒரு யூனியனும் ஒப்புக்கொள்ளாது. பெருஞ்சம்பளக்காரர் விட்டுக்கொடுத்தால் அது பெருந்தன்மை. முதல் ஒப்பந்தக்காரனிடம் அதையே கேட்பது பெருந்தன்மை ஆகாது. குறைக்கத்தான் வேண்டும் என்றால், குறிப்பிட்ட தொகைக்குக் கீழே சம்பளம் வாங்குகிறவர்களைத் தொடக்கூடாது என்று ஒரு கோடு கிழித்துவிட்டுப் பிறகு பேசட்டும்.

அணித் தேர்வு இதில் சிக்கித்தான் கெடுகிறது. பயிற்சி முகாம் கூடும் முன்பே கோச்சுக்குத் தெரிய வேண்டியவை சில. நாற்பதைத் தாண்டிய முன்னணி ஆட்டக்காரர் எத்தனை ஆட்டம் ஆடுவார்; அவர் இடத்துக்கு யாரை வளர்ப்பது; களத்தில் நான்கு வெளிநாட்டார்தான் என்றிருக்கும்போது முன்வரிசையை அவர்களுக்கே விடுவதா, நம் பையன் ஒருவனுக்கு இடம் வைப்பதா; ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருப்பவரை முகாமுக்கு அழைப்பதா விடுவதா. லீக் எப்போது, எத்தனை ஆட்டம் என்றே தெரியாதபோது எந்தக் கோச்சு இதற்கெல்லாம் பதில் சொல்வார்? பத்து மாதத்துக்கு அணி சேர்ப்பது ஒரு விதம். மூன்று மாதத்துக்குச் சேர்ப்பது வேறு விதம். குறுகிய பருவம் என்றால் எல்லாக் கோச்சும் பழகின காலைத்தான் நம்புவார். புதுப் பையன் பெஞ்சில் உட்கார்ந்தே ஒரு வயதைக் கழிப்பான்.

நாம் கேட்பது பெரிய காரியம் அல்ல. ஆட்ட அட்டவணை வெளியான பிறகுதான் கிளப்புகள் புது ஒப்பந்தம் போடலாம் என்று சம்மேளனம் விதி செய்யட்டும். ஒவ்வொரு கிளப்பும், முகாம் கூடும் முன், மூன்று மாதச் சம்பளத் தொகைக்கு பாங்கு உத்தரவாதம் கட்டி வைக்கட்டும். அணிக்கு முப்பது பேர் என்று வைத்தாலும் 14 அணிக்கு 420 பேர்தான். கோடீசுவரர்கள் நடத்தும் போட்டியில் இது தாங்க முடியாத சுமை அல்ல. சம்பள பாக்கி உள்ள கிளப்புக்கு லைசென்சு கூடாது என்ற ஆசியச் சம்மேளனத்தின் விதி ஏற்கெனவே இருக்கிறது. பாக்கியை வருஷக் கடைசியில் தேடாமல் வருஷ ஆரம்பத்திலேயே தேடச் சொல்கிறோம், அவ்வளவே.

ஆட்டக்காரர் தரப்பிலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பாய்சுங் பூட்டியா முன்னின்று 2006-ல் தொடங்கிய ஆட்டக்காரர் சங்கம் ஒன்று உண்டு. ஆலைத் தொழிலாளிக்கு யூனியன் எப்படியோ, ஆட்டக்காரனுக்கு அது அப்படி இருக்க வேண்டும். பெரிய ஆட்டக்காரர்கள் நெருக்கடியில் மட்டும் அறிக்கை விடாமல், சந்தா கட்டிக் கூட்டத்துக்கு வந்து, பேச்சுவார்த்தை மேஜையில் உட்கார வேண்டும். சம்பள விகிதம் பற்றிச் சம்மேளனம் பேசும்போது, சட்டை துவைக்கிறவருக்கும், தசை பிடித்துவிடுகிறவருக்கும், பந்துக்குக் காற்றடிக்கிறவருக்கும் சேர்த்து ஒரு ஷரத்து எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். ஆகஸ்டு 4ந் தேதி அறிவிப்பில் ஆட்டக்காரர்களுக்கு அடுத்த சொல்லாக இருந்த ஊழியர்கள் அவர்கள்தான். பிபாவின் விதிப் புத்தகத்தில் கோச்சு வரைக்கும் பாதுகாப்பு இருக்கிறது, அவர்களுக்கு இல்லை.