இயற்பியல் ஆய்வரங்கில் தமிழுக்கு ஓர் இருக்கை

சில ஆண்டுகளுக்கு முன்னர் மதுரை நகரக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் துறை நடத்திய ஆய்வரங்கத் தொடரில் ஒருநாள் பார்வையாளனாக அமர்ந்திருந்தேன். நண்பர் ஒருவரின் அழைப்பு; மறுக்க இயலவில்லை. பேச வந்தவர் நல்லறிஞர். விண்மீனின் ஒளியைப் பகுத்து அதன் வெப்பநிலையை அறியும் முறையை ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் விளக்கினார். பின்வரிசை மாணவர்கள் வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்ட நிறைவோடு கண்ணயர்ந்திருந்தனர். "ஐயங்கள் உண்டா?" என்று வினவப்பட்டபோது தேநீர்க் குவளைகளின் ஓசையே விடையாக வந்தது.

அவ்வேளையில் முதலாண்டு மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி எழுந்தாள். "ஐயா, கொல்லுப்பட்டறையில் இரும்பு முதலில் சிவக்கும், அப்புறம் வெளுக்கும். இன்னும் சூடேற்றினால் நீங்கள் சொன்ன விண்மீனைப் போல நீலமாகுமா?" என்று தமிழில் கேட்டாள். அறிஞரின் முகம் மலர்ந்தது. "ஆகும் அம்மா, ஆனால் அதற்குள் இரும்பு ஆவியாகிப் போய்விடும்" என்று அவரும் தமிழிலேயே தொடங்கினார். பின்னர் கால்மணி நேரம் அரங்கில் ஒருவரும் உறங்கவில்லை. கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. அந்தக் கால்மணி நேரத்தைத்தான் ஆய்வரங்கு என்று நான் கருதுகிறேன். முன்சென்ற ஒரு மணி நேரம் அறிக்கை வாசிப்பு.

ஆய்வரங்கு எத்துணைப் பெரிய செயலாகக்கூடும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. சென்னையில் பேராசிரியர் அல்லாடி இராமகிருஷ்ணன் தம் குடும்ப இல்லமான ஏகாம்ர நிவாசத்தில் மாணவர் சிலரைக் கூட்டிக் கோட்பாட்டு இயற்பியல் ஆய்வரங்கு நடத்திவந்தார். பெருங்கட்டடமோ, விலையுயர்ந்த கருவிகளோ அங்கு இல்லை. 1960ஆம் ஆண்டு இந்தியா வந்த நீல்ஸ் போர் அச்சிறு குழுவைக் கண்டு வியந்தார். மும்பையின் அணுசக்தி நிலையத்தோடு அதனையும் ஒருசேர வைத்துப் பாராட்டினார். அப்பாராட்டு நேருவின் செவிக்கு எட்டியது, அமைச்சர் சி. சுப்பிரமணியம் துணை நின்றார். 1962 சனவரி 3ஆம் நாள் கணிதவியல் கழகம் சென்னையில் தோன்றியது. தொடக்க விழாவில் வானியற்பியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் கலந்துகொண்டார். ஓர் இல்லத்துக் கூடத்தில் எழுந்த கேள்விகள் ஓர் ஆய்வு நிறுவனமாக வளர்ந்த வரலாறு இது.

அந்த அரங்கில் ஆங்கிலமே வழங்கியது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. ஆய்வின் உலகப் பொதுமொழி அதுவாயிருக்க, வெளிநாட்டிலிருந்தும் வடபுலத்திலிருந்தும் வரும் அறிஞரைத் தமிழில் பேசுக என்று கேட்பது முறையுமன்று. யான் வேண்டுவது சிறிது. ஒவ்வோர் ஆய்வரங்கின் இறுதி இருபது நிமிடங்கள் தமிழுக்கு ஒதுக்கப்படட்டும். பேச்சின் சாரம் ஒரு பக்க அளவில் தமிழில் முன்னரே வழங்கப்படட்டும்; அதனை இயற்பியல் துறையும் தமிழ்த்துறையும் ஒருங்கிருந்து எழுதட்டும். தமிழ் மாணவர்களுக்கும் ஊர்ப் பெரியோர்க்கும் அரங்கின் கதவு திறந்திருக்கட்டும்.

"கலைச்சொற்கள் இல்லையே" என்னும் மறுப்பு உடனே எழும். இது நூறாண்டுகளுக்கு மேலாகக் கேட்டுப் பழகிய மறுப்பு. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றியவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரி. 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1874 திசம்பர் 9ஆம் நாள் வெள்ளிக்கோள் கதிரவனின் முகத்தைக் கடக்கவிருந்தபோது, அந்நிகழ்ச்சியை விளக்கிச் சிறுநூல் எழுதி, அதனை ஆங்கிலத்தோடு கன்னடம், உருது முதலிய மொழிகளிலும் மக்கள் கையில் சேர்ப்பித்தார். கலைச்சொல் அகராதி முடியட்டும் என்று அவர் காத்திருந்தால் வெள்ளிக்கோள் காத்திருந்திராது.

தமிழின்மையால் என்ன இழப்பு நேர்ந்துவிட்டது என்று கேட்பார்க்கு நம் வட்டாரத்து நிகழ்ச்சி ஒன்றையே நினைவூட்டுவேன். தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தை அடுத்த மலைக்குள் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சுரங்கப்பாதை அமைத்து, 50,000 டன் காந்த இரும்புக் கருவி நிறுவி, நியூட்ரினோ துகள்களை ஆராய ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. 2015 சனவரியில் நடுவண் அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. எதிர்ப்பு மூண்டது, வழக்குகள் தொடுக்கப்பட்டன, 2022இல் மாநில அரசு தன் மறுப்பை உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அத்திட்டத்தின் சிறு முன்மாதிரியாக 85 டன் எடையுள்ள கருவி மதுரை நகரிலேயே 2018இல் இயங்கத் தொடங்கியது. நம்மில் எத்தனை பேர் அதனை அறிவோம்?

திட்டம் வேண்டுமா, வேண்டாவா என்று தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. மக்கள் எழுப்பிய அச்சங்கள் இருவகைப்பட்டன. மலையை வெடிவைத்துக் குடைந்தால் நீரூற்றும் காடும் என்னாகும் என்பது நேர்மையான கேள்வி. அதற்கு விடை கூறும் கடமை திட்டத்தாருக்கு உண்டு. நியூட்ரினோவே நம்மை எரித்துவிடும் என்பது மற்றொன்று. கதிரவனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் நம் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் வழியேயும் நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி வீதம், ஒரு தீங்கும் செய்யாமல் கடந்து செல்கின்றன. 1965இலேயே கோலார் தங்கவயலின் ஆழ்சுரங்கத்தில் நியூட்ரினோவின் தடம் பதிவாயிற்று. அச்சுரங்கங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவருள் பெரும்பகுதியினர் தமிழர்கள் அல்லரோ! இவ்விரு கேள்விகளையும் பிரித்தறியும் வாய்ப்பு ஊராருக்குக் கிட்டவில்லை. அறிவியலாளர் பின்னர்த் தமிழில் விளக்கக் குறிப்புகள் வெளியிடவே செய்தனர். ஐயம் முற்றிய பிறகு வரும் விளக்கமோ வழக்குரை போலவே செவியில் விழுகிறது. பத்தாண்டுகள் முன்னதாகவே மதுரையிலும் தேனியிலும் கல்லூரி அரங்குகளில் தமிழில் இப்பொருள் அலசப்பட்டிருக்குமாயின், எதிர்த்தவரும் தெளிவாக எதிர்த்திருப்பர். ஆதரித்தவரும் தெளிவாக ஆதரித்திருப்பர்.

பழி முழுவதையும் இயற்பியல் துறையின் தலையில் ஏற்றுவது அறமாகாது. நாம் அழைப்பிதழைப் பெற்றும் போகாதவர்கள். இயற்பியல் துறையின் அறிவிப்பு நம் துறைப் பலகையில் ஒட்டப்பட்டால், அதன்மேலேயே பட்டிமன்ற அறிவிப்பை ஒட்டிவிடுகிறோம். (இதைச் செய்தவர்களுள் யானும் ஒருவன்.)

தொடங்குவதற்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. மதுரையில் தொழுகைக்கு நிற்போர் 'மேற்கு' என்றே பேச்சு வழக்கில் கூறுகிறோம். உண்மையில் மக்கா நமக்கு நேர் மேற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 22 பாகையில் அமைந்துள்ளது. சுவரில் தொங்கும் உலகப் படத்தில் கோடிழுத்துப் பார்த்தால் 17 பாகை அளவிலேயே வரும். இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? பூமி உருண்டை, படம் தட்டை. கஜ்னி நகருக்குக் கிப்லாவின் திசையைக் கணிப்பதற்காகவே அல்பிரூனி 1025ஆம் ஆண்டளவில் ஒரு பெருநூல் இயற்றினார் என்பதும், அதற்குக் கோளக் கோணவியலைக் கையாண்டார் என்பதும் நம் மாணவர்க்குத் தெரிந்தாக வேண்டிய செய்திகள். பிறையும் அத்தகையதே. கதிரவனிலிருந்து சுமார் 7 பாகைக்குக் குறைவாக விலகியிருக்கும் நிலவு வெறுங்கண்ணுக்குப் பிறையாகத் தோன்றுவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் நோன்பின் தொடக்கத்திலும் பெருநாளன்றும் நம் தெருக்களில் எழும் வாதங்களுக்கிடையே இந்த ஓர் எண் எவருடைய வாயிலிருந்தும் வந்து யான் கேட்டதில்லை.

வரும் பருவத்தின் முதல் அமர்வு பிறையைப் பற்றியதாக இருக்கட்டும். கணக்கை இயற்பியல் துறையார் கரும்பலகையில் போடட்டும். சொற்களை நாங்கள் தருகிறோம். அமர்வை அஸர் தொழுகைக்குப் பின் வைத்தால் பள்ளிவாசல் பெரியோர்களும் வருவார்கள். நாற்காலிகளைச் சற்றுக் கூடுதலாகவே போட்டு வைக்கவேண்டும்.