டப்பாவுக்குப் போன கிரெடிட்

ஜிம்மில் சேர்ந்து ஒரு வாரம் ஆகியிருக்காது. கை தூக்கித் தலை சீவ முடியாத வலி. அப்போது மாஸ்டர் பக்கத்தில் வந்து கேட்பார், "தம்பி, பவுடர் ஏதாவது எடுக்குறீங்களா?" இல்லை என்று சொன்னால் ஒரு பரிதாபப் பார்வை. "அப்புறம் எப்படி தம்பி பாடி வரும்?"

இந்தக் கேள்வியில் விழாத பையன் அபூர்வம். என் அறைத் தோழன் விழுந்தான். 52 கிலோ, எலும்பும் தோலும். மாஸ்டர் காட்டியது 3 கிலோ மாஸ் கெய்னர் டப்பா, 2,700 ரூபாய். செமஸ்டர் ஃபீஸுக்காக வீட்டிலிருந்து வந்த பணத்தில் எடுத்து வாங்கிவிட்டான். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். பிறகு ஃபைன் போட்டு ஃபீஸ் கட்டியது தனிக் கதை.

மூன்று மாதத்தில் நாலு கிலோ ஏறினான். தோள் கொஞ்சம் அகலமானது. "பார்த்தியா, பவுடர் வேலை செய்யுது" என்றான். ஜிம்மில் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பி.காம் படிக்கிறவனிடம் ஒரு வியாதி உண்டு. எதற்கும் டெபிட், கிரெடிட் பார்ப்போம். இந்த நாலு கிலோவுக்கான கிரெடிட்டை யார் கணக்கில் எழுதுவது?

அந்த டப்பாவின் முதுகைத் திருப்பிப் படித்தேன். 100 கிராம் பவுடரில் புரோட்டீன் 15 கிராம். மிச்சம் பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது சோளம் மாதிரியான தானியங்களின் மாவுச்சத்தை உடைத்துச் செய்கிற ஒரு மாவு. வயிற்றுக்குள் போனால் நம்ம மெஸ் சோறு என்ன ஆகுமோ அதேதான் இதுவும் ஆகும், கொஞ்சம் வேகமாக. கீழே சின்ன எழுத்தில் "பாலில் கலந்து பருகவும்". இவன் நாள் ஒன்றுக்கு 100 கிராம் பவுடரை ஒரு லிட்டர் பாலில் கலந்து குடித்தான். அந்தப் பாலில் மட்டும் 32 கிராம் புரோட்டீன்! டப்பா கொடுத்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல். வேலை செய்தது பால்காரர், பேர் வாங்கியது டப்பா :-)

இன்னொரு விஷயம். புதிதாக எடை தூக்குகிறவனுக்கு முதல் சில வாரங்களில் பலம் கூடுவது பெரும்பாலும் தசை வளர்ந்ததால் அல்ல. இருக்கிற தசையைச் சரியாகப் பயன்படுத்த நரம்பு மண்டலம் கற்றுக்கொள்வதால். முதல் நாள் 20 கிலோ பாரை ஆட்டி ஆட்டித் தூக்கியவன் ஒரு மாதத்தில் 40 கிலோவை அலுங்காமல் தூக்குவான். பவுடர் குடித்தாலும் தூக்குவான், குடிக்காவிட்டாலும் தூக்குவான். ஆனால் அந்த மாதம் கையில் டப்பா இருந்தால், கிரெடிட் டப்பாவுக்குப் போய்விடும். வியாபாரத்தின் சூட்சுமமே இதுதான். எப்படியும் வளரப் போகிற காலத்தில் விற்றுவிட வேண்டும்.

இது என் சொந்தச் சரக்கு மட்டும் இல்லை. 2018-ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இதழில் 49 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். மொத்தம் 1,863 பேர். கூடுதல் புரோட்டீன் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் கொழுப்பில்லாத உடல் எடையில் இருந்த சராசரி வித்தியாசம் சுமார் 300 கிராம்தான். அதுவும் பல மாதம் பழகியவர்களுக்குத்தான் அதிகப் பலன், புதியவர்களுக்குக் குறைவு. நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரோட்டீன் கிடைத்துவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு கொட்டினாலும் சராசரியாகப் பெரிய லாபம் இல்லை என்பதும் அதிலேயே வந்தது.

அப்படியென்றால் புரோட்டீனே வேண்டாமா? வேண்டும் சாமி, கண்டிப்பாக வேண்டும். நம் ஹாஸ்டல் சாப்பாட்டில் அது குறைச்சல் என்பதும் நிஜம். காலையில் நாலு இட்லி, 8 கிராம். மதியம் மலை மாதிரி 400 கிராம் சோறு, 10 கிராம். சாம்பார், கூட்டு எல்லாம் சேர்த்து 8. தயிர் 4. இரவு மூணு சப்பாத்தி, குருமா, 12. மொத்தம் 42 கிராம். சாதாரண ஆளுக்கே கிலோவுக்கு 0.83 கிராம் வேண்டும் என்று ஐசிஎம்ஆர் 2020-ல் சொன்னது. 55 கிலோ பையனுக்கு அதுவே 46 கிராம் வருகிறது. அவனே எடை தூக்கினால் 1.6 கணக்கில் 88 கிராம். ஆக, தினமும் 46 கிராம் பள்ளம்.

பள்ளம் இருப்பதாக மாஸ்டர் சொன்னது சரி. அதை எதைப் போட்டு மூடுவது என்பதில்தான் தகராறு.

இப்போது நம்ம காஸ்ட் அக்கவுண்டிங். எங்கள் பக்கத்துக் கடை விலையில் ஒரு கிராம் புரோட்டீன் எவ்வளவு?

மீல் மேக்கர்: கிலோ 180 ரூபாய், 100 கிராமில் 52 கிராம் புரோட்டீன். கிராமுக்கு 35 பைசா.
பொட்டுக்கடலை: கிலோ 130 ரூபாய், 100 கிராமில் சுமார் 22. கிராமுக்கு 59 பைசா.
வேர்க்கடலை: கிலோ 160 ரூபாய், 100 கிராமில் 25. கிராமுக்கு 64 பைசா.
முட்டை: ஒன்று 7 ரூபாய், 6 கிராம். கிராமுக்கு 1.17 ரூபாய்.
பால்: அரை லிட்டர் 22 ரூபாய், 16 கிராம். கிராமுக்கு 1.38 ரூபாய்.
வே புரோட்டீன்: கிலோ 2,500 ரூபாய், அதில் சுமார் 720 கிராம். கிராமுக்கு 3.47 ரூபாய்.
மாஸ் கெய்னர்: 3 கிலோ 2,700 ரூபாய், அதில் 450 கிராம். கிராமுக்கு 6 ரூபாய்.

கடைசி இரண்டு வரியை இன்னொரு தடவை பாருங்கள். ஒல்லிப் பையன்கள் "வே எல்லாம் காஸ்ட்லி, நமக்கு கெய்னர் போதும்" என்று வாங்குகிறார்களே, அதுதான் இருப்பதிலேயே விலை அதிகம். பெரிய டப்பா, சின்ன விலை என்று ஏமாறுகிறோம். இல்லாதவன் தலையில்தான் ஜாஸ்தி விலை ஏறுகிறது.

மூணு முட்டை, அரை லிட்டர் பால், 50 கிராம் பொட்டுக்கடலை. 45 கிராம் ஆகிவிட்டது, செலவு 50 ரூபாய். முட்டை சாப்பிடாதவர்கள் 50 கிராம் மீல் மேக்கரைப் போட்டால் அதிலேயே 26 கிராம். மாதம் 1,500 ரூபாய் நமக்குச் சின்னத் தொகை இல்லைதான். ஆனால் என் நண்பன் ஒரு மாதத்தில் காலி செய்த டப்பாவைவிட 1,200 ரூபாய் குறைவு, அவனுடைய பால் செலவைச் சேர்க்காமலே.

முட்டை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஜிம்மில் பச்சை முட்டையை உடைத்து அப்படியே வாயில் ஊற்றும் வீரர்களே, வேண்டாம். 1998-ல் பெல்ஜியத்தில் அளந்து பார்த்தார்கள். வெந்த முட்டையின் புரோட்டீனில் 90 சதவீதம் செரித்தது, பச்சை முட்டையில் 50 சதவீதம்தான். நாமக்கல்லிலிருந்து உடையாமல் வந்து சேர்ந்த முட்டையில் பாதியை வீணாக்கலாமா? மஞ்சள் கருவைத் தூக்கிப் போடுகிறவர்களுக்கும் ஒரு சேதி. முட்டைப் புரோட்டீனில் ஏறத்தாழ பாதி அதில்தான் இருக்கிறது.

பவுடருக்காகவும் நியாயமாகப் பேச வேண்டும். வே என்பது விஷமும் இல்லை, ஸ்டீராய்டும் இல்லை. சீஸ் செய்யும்போது பிரிகிற தண்ணீரை வடிகட்டி, உலர்த்தி எடுத்த பால் புரோட்டீன்தான் அது. காலை ஆறு மணிக்கு வேலைக்கு ஓடுகிறவருக்கு, சமைக்க வழியில்லாதவருக்கு, எடை ஏறாமல் புரோட்டீன் மட்டும் வேண்டுபவருக்கு அது வசதி. வசதிக்குக் காசு கொடுப்பது தப்பில்லை. மருந்து என்று நினைத்துக் கொடுப்பதுதான் தப்பு.

டப்பாவில் எழுதியிருப்பது உள்ளே இருக்குமா என்பது அடுத்த தலைவலி. புரோட்டீனைப் பெரும்பாலும் நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறார்கள். அதனால் கிளைசின், டாரின் மாதிரி மலிவான சரக்கைக் கலந்தால் கணக்கில் புரோட்டீன் கூடிவிடும். 2008-ல் சீனாவில் பாலில் மெலமைன் கலந்து குழந்தைகளைக் கொன்றார்களே, அதுவும் இதே ஓட்டை வழியாகத்தான். இந்தியாவில் விற்ற 36 பவுடர்களைப் பரிசோதித்த ஒரு ஆய்வு 2024-ல் வந்தது. சுமார் 70 சதவீதத்தில் லேபிளும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போகவில்லை. உடம்பு வளர்க்கப் பவுடர் வேண்டாம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024 மே மாத வழிகாட்டியில் சொல்லிவிட்டது. பொட்டுக்கடலைக்கு லேபிள் கிடையாது, சந்தேகமும் கிடையாது.

சரி, என் நண்பன் கதைக்கு வருகிறேன். நாலாவது மாதம் எடை ஏறுவது நின்றது. எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் வேகம் குறையும், இயற்கை. ஆனால் அவன் கணக்கில் கிரெடிட் முழுக்க டப்பாவுக்கு அல்லவா எழுதியிருந்தான்? அதனால் நின்றதற்குக் காரணம் "டப்பா பத்தலை" என்று நினைத்தான். போய்க் கேட்டிருக்கிறான். மாஸ்டர் குரலைத் தாழ்த்தி, "தம்பி, அடுத்த ஸ்டேஜுக்கு ஒரு ஊசி இருக்கு" என்றாராம்.

இரவு அறைக்கு வந்து என்னிடம் கேட்டான், "போட்டுக்கலாமாடா?"

ஒரு பேப்பரில் மேலே போட்ட கணக்கை எல்லாம் எழுதிக் காட்டினேன். இந்த மூணு மாசத்தில் வளர்ந்தது நீ தூக்கிய எடையால், குடித்த பாலால், தின்ற சோற்றால், ஒன்பது மணி நேரம் குறட்டை விட்டதால்டா என்றேன். ரொம்ப நேரம் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊசி போடவில்லை. இப்போது வேறு ஜிம். அறை ஜன்னலில் பொட்டுக்கடலை டப்பா.

எடை தூக்க ஆரம்பிக்கும் தம்பிகளுக்கு இதுதான் நான் சொல்வது. முதல் ஆறு மாதம் எந்த டப்பாவும் வாங்காதீர்கள். காசுக்காக மட்டும் இல்லை. டப்பா இல்லாமல் வளர்ந்து பார்த்தவனுக்குத்தான் தன் உடம்பு தானே வளரும் என்று தெரியும். அது தெரிந்தவனிடம் யாரும் ஊசி விற்க முடியாது.

பி.கு: சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரோட்டீனைக் கூட்டுவதற்கு முன் டாக்டரைக் கேட்டுவிடுங்கள். டப்பாவோ பொட்டுக்கடலையோ, எதுவாக இருந்தாலும்.