தச்சரிடம் பாடம் கேட்ட பட்டதாரி

"படித்த பிள்ளை உளி பிடிக்கலாமா?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு.

பெரிய பட்டம் வாங்கிய பிறகு உளி பிடித்து, உலகப் புகழ் பெற்றார் ஒருவர். அவர் பெயர் ஜார்ஜ் நகாஷிமா.

ஜப்பானியப் பெற்றோருக்கு 1905-ல் அமெரிக்காவில் பிறந்தவர் அவர். 1930-ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கட்டிடக் கலையில் மேல்பட்டம் பெற்றார்.

புதுச்சேரியில்

1937-ல் நகாஷிமா நமக்கு அருகில் உள்ள புதுச்சேரிக்கு வந்தார். அரவிந்தர் ஆசிரமத்துக்கு "கோல்கொண்டா" என்ற விடுதியைக் கட்டுவது அவருடைய வேலை. சம்பளம் வேண்டாம் என்று சொல்லி, ஆசிரமவாசியாகவே ஆகிவிட்டார். "சுந்தரானந்தா" என்று அவருக்குப் பெயர் சூட்டினார்கள்.

விடுதிக்கு வேண்டிய தேக்கு மரச் சாமான்களுக்கும் அவரே படம் வரைந்தார். மரவேலையில் அவர் காலடி வைத்தது இந்த மண்ணில்தான்!

முகாமில் கிடைத்த குரு

1942-ல் யுத்தம் நடந்து கொண்டிருந்தது. அமெரிக்காவில் இருந்த ஜப்பானிய வம்சத்தாரை அரசாங்கம் முகாம்களில் அடைத்தது. நகாஷிமாவும் அவர் மனைவியும் கைக்குழந்தையும் அதற்குத் தப்பவில்லை.

அந்த முகாமில் கெண்டாரோ ஹிக்கோகவா என்ற தச்சர் இருந்தார். பட்டதாரி அவரிடம் மாணவரானார். இழைப்பதையும் பொருத்துவதையும் பொறுமையாகக் கற்றார். 1943-ல் விடுதலை ஆனதும், பென்சில்வேனியாவில் பட்டறை வைத்தார்.

மரம் சொன்ன படம்

படத்தை முதலில் போட்டு, அதற்குத் தக்கபடி மரத்தை அறுப்பது வழக்கம். நகாஷிமா முதலில் பலகையைப் பார்ப்பார். அதன் வளைவையும் ரேகையையும் பார்த்துப் படம் வரைவார். பலகை வெடித்திருந்தால் அதைத் தள்ளமாட்டார். வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு மரத்துண்டைப் பதித்து, வெடிப்பு விரியாமல் பிடித்துவிடுவார். அந்தத் தையலே மேசைக்கு அழகானது!

1964-ல் ஆமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கும் வந்து, மரச் சாமான்களுக்கு வடிவம் தந்தார். 1990-ல் காலமானார். அவர் வரைந்த படங்கள் பத்திரமாக இருக்கின்றன. அவர் மகள் பட்டறையைத் தொடர்ந்து நடத்தினார்.

நம் பக்கத்தில்?

பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரில், ஒரே கட்டையில் முழுச் சிற்பத்தையும் செதுக்குகிறார்கள். 2020-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் பெருமை!

ஆனால், கட்டையின் மேல் போட்ட கோடு உளி பட்டதும் மறைந்துவிடும். சிற்பம் விலைக்குப் போய்விடும். கணக்கும் அளவும் முதியவர் மனதில் மட்டுமே தங்கும். அவருக்குப் பின்?

பள்ளியில் படிக்கும் பிள்ளைகளே, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். தாத்தா போடும் கோட்டை அப்படியே வரையுங்கள். எந்த மரம், எவ்வளவு அளவு என்று கேட்டு எழுதுங்கள். அரியலூரிலும் பெரம்பலூரிலும் உள்ள கல்லூரிகள் அந்த நோட்டுகளைச் சேர்த்துக் காக்கலாம்.

பெற்றோர்களே, பிள்ளை உளியைத் தொட்டால் தடுக்காதீர்கள். பட்டமும் உளியும் ஒரே கையில் இருக்கலாம். அதற்கு நகாஷிமாவே சாட்சி!