மாட்டு வண்டிப் பந்தயத்துக்கு அனுமதி இருக்கு... அவசரகாலத் திட்டம் இருக்கா? கம்பம் பள்ளத்தாக்கு கவனிக்க வேண்டியது என்ன?

"வண்டி வருது, ஓரமா நில்லுங்கப்பா!"

தேனி மாவட்டத்தில் மாட்டு வண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்குப் பழகிப்போன குரல் இது. மைக்கில் இருப்பவர் தொண்டை வறளக் கத்திக்கொண்டே இருப்பார். கூட்டம் ஒரு அடி பின்னால் போகும். வண்டி கண்ணில் பட்டதும் இரண்டு அடி முன்னால் வரும்.

கம்பம், கூடலூர், சின்னமனூர், தேவாரம் என்று பள்ளத்தாக்கு முழுக்கவே இந்தப் பந்தயத்துக்குத் தனி மவுசு உண்டு. பொங்கல், கோயில் திருவிழா, தலைவர்கள் பிறந்தநாள் என எது வந்தாலும் பந்தயம்தான். தேன்சிட்டு, தட்டான்சிட்டு, பூஞ்சிட்டு, புள்ளிமான், கரிச்சான், நடுமாடு, பெரியமாடு என்று மாடுகளைத் தரம் பிரித்து ஓட விடுவார்கள். தென் மாவட்டங்களில் பல ஊர்களில் மாட்டு வண்டியோடு குதிரை வண்டியும் ஓடும்.

எல்லாம் சரி. ஓடும்போது ஒரு வண்டி குடை சாய்ந்தால்? சாரதி கீழே விழுந்து, ஆள் இல்லாத வண்டியை இழுத்துக்கொண்டு மாடுகள் கூட்டத்துக்குள் புகுந்தால்? அடுத்த ஐந்து நிமிடத்தில் யார் என்ன செய்ய வேண்டும் என்று யாருக்காவது தெரியுமா? இந்தக் கேள்விக்கான பதிலைத்தான் 'அவசரகாலத் திட்டம்' என்கிறார்கள்.

ஜல்லிக்கட்டுக்கும் பந்தயத்துக்கும் என்ன வித்தியாசம்?

பல்லவராயன்பட்டி, அய்யம்பட்டி ஜல்லிக்கட்டுகளை நடத்திப் பழகிய மாவட்டம் தேனி. ஜல்லிக்கட்டுக்கு 2017-ல் வந்த விதிகள் தெளிவானவை. மாவட்ட ஆட்சியரிடம் எழுத்துப்பூர்வமாக விண்ணப்பிக்க வேண்டும். பார்வையாளர்களைப் பிரிக்க 8 அடி உயர இரட்டைத் தடுப்பு வேண்டும். காளைகளைக் கால்நடை மருத்துவர்கள் பரிசோதிக்க வேண்டும். காளை ஓய்வெடுக்க இடமும் நேரமும் வேண்டும்.

ஆனால் ஜல்லிக்கட்டில் ஆபத்து ஒரே இடத்தில் இருக்கிறது. வாடிவாசலைச் சுற்றித் தடுப்பு கட்டலாம், பக்கத்திலேயே மருத்துவக் குழுவை உட்கார வைக்கலாம். பந்தயத்தில் அப்படி முடியாது. ஆபத்து வண்டியோடு சேர்ந்து பல கிலோமீட்டர் ஓடுகிறது. கொடி விழும் இடத்திலிருந்து எல்கை வரை போய், திரும்பி வர வேண்டும். வழியெல்லாம் வளைவு, டீக்கடை, தோட்டத்துப் பாதை, குறுக்கே ஓடும் நாய். இவ்வளவு தூரத்துக்கு இரட்டைத் தடுப்பு கட்ட எந்த விழாக் கமிட்டியாலும் முடியாது.

தடுப்பு கட்ட முடியாத இடத்தில் காப்பாற்றப் போவது முன்கூட்டிப் போட்ட திட்டம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: ஜல்லிக்கட்டைத் தடை வரை கொண்டு போன வழக்குகளின் தொடக்கமே ஒரு ரேக்ளா பந்தய மனுதான். பந்தயத்துக்கு அனுமதி கேட்டுப் போன அந்த வழக்கில், 2006 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஜல்லிக்கட்டுக்கும் சேர்த்தே தடை போட்டது. அந்தத் தடை பிறகு மேல்முறையீட்டில் நீங்கியது. 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் மாட்டு வண்டிப் பந்தயத்தையும் ஒருசேரத் தடை செய்தது.

2017 ஜனவரியில் மெரினா போராட்டத்துக்குப் பிறகு தமிழ்நாடு அரசு சட்டத் திருத்தம் கொண்டு வந்தது. 2023 மே 18-ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. விதிகள் கண்டிப்பாக அமலாவதற்கு மாவட்ட நிர்வாகமே பொறுப்பு என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டுச் சட்டத்தில் 'ஜல்லிக்கட்டு' என்ற சொல்லுக்குள் மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா ஆகியவை பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டுள்ளன. மாட்டு வண்டிப் பந்தயம் அப்படிப் பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை. 8 அடி தடுப்பு போன்ற விதிகளும் ஜல்லிக்கட்டை மனதில் வைத்து எழுதப்பட்டவைதான். அதனால் பந்தயப் பாதுகாப்பு பெரும்பாலும் அந்தந்த அனுமதியில் போடும் நிபந்தனைகளையும், விழாக் கமிட்டியின் அக்கறையையும் நம்பியே இருக்கிறது.

அதற்காக விதியே இல்லை என்று நினைக்க வேண்டாம். வண்டி இழுக்கும் கால்நடைகளுக்கான 1965-ம் ஆண்டு மத்திய விதிகள் இருக்கின்றன. வெயில் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடத்தில், பகல் 12 மணி முதல் 3 மணி வரை மாட்டை வண்டியில் பூட்டக் கூடாது. முள் வைத்த குச்சியால் குத்தி ஓட்டக் கூடாது. தார்க்குச்சி கையில் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரே சாலை என்பதுதான் பெரிய பிரச்சினை

கம்பம் பள்ளத்தாக்கின் அமைப்பே தனி. இரு பக்கமும் மலை. நடுவில் தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், குமுளி என்று ஊர்களைக் கோர்த்துக்கொண்டு போகும் தேசிய நெடுஞ்சாலை. ஏலக்காய்த் தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிப் போகும் ஜீப்பும் இதில்தான், கேரளா போகும் காய்கறி லாரியும் இதில்தான். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வாகனங்களும் சேர்ந்துகொள்ளும்.

கம்பத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் தலையில் பலத்த அடி, முதுகெலும்பு முறிவு என்றால் கானாவிலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். கம்பத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். சாலை காலியாக இருந்தாலே ஒரு மணி நேரம் ஆகும்.

பந்தயம் கிளைச் சாலையில் நடந்தாலும், கூட்டம் கொண்டுவந்து நிறுத்தும் பைக்கும் வேனும் மெயின் ரோடு வரை அடைத்துக்கொண்டு நிற்கும். அடிபட்டவரை ஏற்றிய ஆம்புலன்ஸ் பந்தயக் கூட்டத்திலேயே மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? பந்தயத்துக்குச் சம்பந்தமே இல்லாமல், அடுத்த கிராமத்தில் பிரசவ வலியில் இருக்கும் பெண்ணுக்கும் அதே சாலைதான்.

அப்போ நல்ல திட்டத்தில் என்னென்ன இருக்கணும்?

1. நிறுத்தச் சொல்லும் அதிகாரம் ஒருவரிடம்: பந்தயத்தைப் பாதியில் நிறுத்தும் உரிமை ஒரே ஒருவரிடம் இருக்க வேண்டும். அவர் கமிட்டித் தலைவராகவோ, பரிசு கொடுப்பவராகவோ இருக்கக் கூடாது. அவர் சொன்னால் பாதை நெடுக நிற்பவர்கள் சிவப்புக் கொடி காட்ட வேண்டும். "அடுத்த செட் கிளம்பிருச்சு, இப்ப எப்படி நிறுத்துறது?" என்ற பேச்சே வரக் கூடாது.

2. ஆம்புலன்ஸ் நிற்கும் இடம்: பல ஊர்களில் ஆம்புலன்ஸ் மேடைக்குப் பக்கத்தில் நிற்கும். விபத்து அதிகம் நடக்க வாய்ப்புள்ளது எல்கையில் வண்டி திரும்பும் இடத்திலும், வேகம் குறையாமல் வந்து சேரும் முடிவிடத்திலும்தான். வாகனமும் முதலுதவி தெரிந்தவர்களும் அங்கே இருக்க வேண்டும். வெளியேற ஒரு பாதை காலியாகவே இருக்க வேண்டும். கம்பம் அரசு மருத்துவமனைக்கு முதல் நாளே தகவல் சொல்லியிருக்க வேண்டும்.

3. ஆள் இல்லாத வண்டி எங்கே போய் நிற்கும்: முடிவுக் கோட்டைத் தாண்டிய உடனே கூட்டம் நிற்பதுதான் வழக்கமான தவறு. ஓடி வரும் மாடு கோட்டைப் பார்த்து நிற்காது. கோட்டுக்கு அப்பால் நீண்ட தூரம் காலி இடமும், மூக்கணாங்கயிற்றைப் பிடிக்கத் தெரிந்த ஆட்களும் வேண்டும்.

4. வண்டிகளின் எண்ணிக்கை: வண்டிகள் அதிகம் வந்தால் ஒரே பிரிவை இரண்டு செட்டாக ஓட விடுவது இங்கே ஏற்கெனவே உள்ள வழக்கம். அதைக் கட்டாயம் ஆக்கினாலே பாதி நெரிசல் குறையும். இங்கிலாந்தின் புகழ்பெற்ற 'கிராண்ட் நேஷனல்' குதிரைப் பந்தயத்தில் 2024 முதல் குதிரைகளின் எண்ணிக்கையை 40-லிருந்து 34 ஆகக் குறைத்தார்கள். காரணம் பாதுகாப்புதான்.

5. வளைவின் வெளிப்பக்கம்: வண்டி சாய்ந்தால் வளைவின் வெளிப்பக்கமாகத்தான் வந்து விழும். அங்கே ஒருவர்கூட நிற்கக் கூடாது. இத்தாலியின் சியெனா நகரில் ஊர்ச் சதுக்கத்திலேயே நடக்கும் 'பாலியோ' குதிரைப் பந்தயத்தில், ஆபத்தான வளைவுச் சுவரில் மெத்தைகளை அடுக்கி வைக்கிறார்கள். நம்மூரில் வைக்கோல் கட்டுக்கா பஞ்சம்?

6. பின்னால் வரும் பைக்குகள்: வண்டியை விரட்டிக்கொண்டு, ஒரு கையில் போனில் வீடியோ எடுத்தபடி பைக்கில் போவது பெரிய தலைவலி. முன்னால் ஒருவர் விழுந்தால் அவர் மேல் ஏறுவது பின்னால் வரும் பைக்காகத்தான் இருக்கும். நடுவர் வாகனத்தைத் தவிர வேறு எதையும் பாதையில் விடக் கூடாது.

7. மாட்டுக்கும் மருத்துவர்: ஓடும் முன் நொண்டல், புண், லாடம் மூன்றையும் பார்க்க வேண்டும். ஓடிய பிறகு நிழலும் தண்ணீரும் வேண்டும். ஆனி, ஆடியில் பள்ளத்தாக்கில் சாரல் அடிக்கும். நனைந்த தார் ரோட்டில் லாடம் வழுக்கும். அன்றைக்குப் பந்தயத்தைத் தள்ளி வைப்பதும் திட்டத்தின் ஒரு பகுதிதான்.

குதிரை வண்டி ஓடும் ஊர்களில் இன்னொரு கவனமும் தேவை. வெடிச் சத்தத்துக்கும் திடீர் மேளத்துக்கும் மிரண்டால் குதிரை யோசிக்காமல் ஓடும். பின்பக்கம் நிற்பவரை உதைக்கும். வாணவேடிக்கையை எல்லாம் பந்தயம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

விபத்து நடந்துவிட்டால் முதல் ஐந்து நிமிடம் என்ன செய்யணும்?

முதலில் பின்னால் வரும் வண்டிகளை நிறுத்த வேண்டும். இல்லையென்றால் காப்பாற்றப் போனவர்களும் அடிபடுவார்கள்.

விழுந்தவரைத் தலையையும் காலையும் பிடித்துத் தூக்கி பைக்கின் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோகாதீர்கள். முதுகெலும்பில் அடி இருந்தால், அந்தத் தூக்கலிலேயே கை கால் செயலிழக்க வாய்ப்பு உண்டு. ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். 108-ஐ அழைத்து, சரியான இடத்தைச் சொல்லுங்கள்.

மாடு கீழே விழுந்து கிடந்தால் வாலைப் பிடித்து இழுத்து எழுப்ப முயல வேண்டாம். மாட்டுக்குப் பழகிய ஒருவர் மட்டும் தலைப்பக்கம் போய் அமைதிப்படுத்தட்டும். நுகத்தடியில் கழுத்து மாட்டியிருந்தால் பூட்டாங்கயிற்றை அறுத்துவிட வேண்டும். அதற்கு ஒரு கத்தி கையில் இருக்க வேண்டும். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962-ஐ அழைக்கலாம்.

மிரண்டு ஓடி வரும் வண்டிக்கு முன்னால் கை விரித்து நிற்காதீர்கள். பக்கவாட்டில் விலகுங்கள்.

இதையெல்லாம் இப்போது ஏன் பேச வேண்டும்?

தேனி மாவட்டத்துக்கு ஒரு கசப்பான அனுபவம் உண்டு. 2018 மார்ச் 11-ல் போடி அருகே குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேற்றம் போன 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு அரசு தனி விதிகள் கொண்டு வந்தது அதற்குப் பிறகு, அதே ஆண்டில்தான். யார் போகலாம், யார் வழிகாட்டி, எந்தப் பாதை, எந்தப் பருவத்தில் கூடாது என்ற கேள்விகளுக்கெல்லாம் அத்தனை உயிர் போன பிறகுதான் பதில் எழுதப்பட்டது.

பந்தயத்திலும் அப்படி ஒரு நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பெரிய விபத்து நடந்தால் போவது உயிர் மட்டுமல்ல, பந்தயமும்தான். மறுபடி வழக்கு, மறுபடி தடை என்று போகும். வருஷம் முழுக்கப் பருத்திக்கொட்டையும் தவிடும் வாங்கிப் போட்டு மாட்டை வளர்ப்பவர்களுக்கு அது பேரிழப்பு. பாதுகாப்புக் கேட்பவர்கள் பந்தயத்துக்கு எதிரிகள் அல்ல. பந்தயம் தொடர்ந்து நடக்க வேண்டும் என்று நினைப்பவர்கள்தான் முதலில் கேட்க வேண்டும்.

தொடங்குவது கஷ்டமும் இல்லை. பந்தய நோட்டீஸில் முதல் பரிசு யார், இரண்டாம் பரிசு யார், கொடி கொடுப்பது யார் என்று வரிசையாகப் பெயர் போடுகிறார்கள். அடுத்த முறை நோட்டீஸ் அடிக்கும்போது அதன் கீழே ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்: பாதுகாப்புப் பொறுப்பாளரின் பெயர், போன் நம்பர், ஆம்புலன்ஸ் நிற்கும் இடம். அந்த வரியில் போடப் பெயர் இல்லையென்றால், அந்தப் பந்தயம் கொடி அசைக்க இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம்.

போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்: ஆம்புலன்ஸ் 108, கால்நடை ஆம்புலன்ஸ் 1962, காவல்துறை 100, தீயணைப்பு 101, மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு அறை 1077.