கிலோமீட்டருக்கு 14 ரூபாயாம்!

போன மாதம் புதுச்சேரியில் தங்கை வீட்டு விசேஷம். பாகாயத்திலிருந்து ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் போக ஒருவழி டாக்சிக்குப் போன் செய்தேன். 'கிலோமீட்டருக்கு 14 ரூபாய் சார்' என்றார்கள். சுமார் 150 கிலோமீட்டர், 2,100 ரூபாய் என்று கணக்குப் போட்டு ஏறினேன். இறங்கும்போது டிரைவர் பேட்டா, மொரட்டாண்டி டோல், பாண்டி பெர்மிட் எல்லாம் தனி என்று இன்னும் 800 ரூபாய் கேட்டார்கள்.

டிரைவர் தம்பியை நான் குறை சொல்லவில்லை. பேட்டா அவர் உழைப்புக்கு உரியது. ஆனால் தினமும் வண்டி அனுப்புகிறவருக்கு டோலும் பெர்மிட்டும் எவ்வளவு என்று தெரியாதா? டோல் கட்டணம் சாவடிப் பலகையிலேயே எழுதியிருக்கிறதே! தெரிந்தும் சொல்லாமல் விடுவது மறதி அல்ல, தந்திரம். பயணப்படி பில்களைச் சரிபார்த்தே ஓய்வுபெற்றவன் நான். இப்படி ஒரு பில் என் மேஜைக்கு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

பாரிஸில் ஷார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வர டாக்சிக் கட்டணம் இவ்வளவுதான் என்று 2016-லேயே நிர்ணயித்துவிட்டார்கள். ஏறும் முன்பே தொகை தெரியும். இங்கே மட்டும் ஏன் முடியாது?

என் வயது நண்பர்களே, இனி 'கிலோமீட்டருக்கு எவ்வளவு' என்று கேட்காதீர்கள். 'வாசலில் இறங்கும்போது மொத்தம் எவ்வளவு' என்று கேளுங்கள். பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். தர மறுத்தால், வேலூரிலிருந்து பாண்டிக்குப் பஸ் இருக்கிறது.